சம்பளம் வாங்குகிற அந்தோணி

1974 ஜூலை 1, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. கண்ணெல்லாம் மண். உப்பு மூட்டை ஏற்றும் வேலை. என் கணக்கு 1,240, கப்பல்காரன் கணக்கு 1,238. மறுபடி எண்ணினார்கள். என் கணக்கே சரி. பதினாறு வருஷமாகத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க், ஒரு மூட்டை தப்பியதில்லை.

சாயங்காலம் சம்பளக் கவர். ஐம்பத்தைந்து ரூபாய் குறைவு. எண்ணத் தெரியாத கேஷியர் என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை. கோர்ட் உத்தரவாம். நான் வாங்கிய கடனுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமாம்.

நான் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. பீடிக்குக்கூட.

வீட்டில் பிலோமியிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுக்கொண்டே, "நெசமாவே வாங்கலியா?" என்று கேட்டாள். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது, சாப்பிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டார். கோர்ட் சம்பளம் பிடிக்கிற ஆளிடம் சரக்கு ஷெட் சாவி இருக்கக் கூடாதாம், கம்பெனி வழக்கமாம். லோடுமேன் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். ஆறு வருஷமாக அங்கே தொங்கிய சாவி. நடக்கும்போது சத்தமே இல்லை, என்னவோ போல் இருக்கிறது.

மண்ணெண்ணெய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

அரை நாள் லீவு. ஒரு வக்கீலைப் பிடித்தேன். அவர் கோர்ட்டில் கேஸ் கட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது:

1. புரோநோட்டு, 1970 செப்டம்பர். நானூறு ரூபாய். வட்டி, செலவு சேர்த்து இப்போது தொள்ளாயிரத்துச் சொச்சம்.
2. கொடுத்தவர் எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி. பிறகு அவர் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டு, பழைய நோட்டுகளை மொத்தமாகத் திருநெல்வேலி வட்டிக்கடைக்காரர் ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். வட்டிக்கடைக்காரர் போன வருஷம் கேஸ் போட்டார்.
3. வாங்கியவர் அந்தோணி பர்னாந்து, தகப்பனார் சவரிமுத்து. என் பெயர், என் தகப்பன் பெயர். எங்கள் தெரு.
4. சம்மன் கதவில் ஒட்டியதாக அமீனா எழுதியிருக்கிறார். யார் கதவோ. நான் வரவில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பு.

கீழே கையெழுத்து, 'அந்தோணி' என்று மட்டும், கோழி கிளறின மாதிரி. என்னுடையது இல்லை என்றால், வேண்டுமென்றே மாற்றிப் போட்டான் என்பார்களாம். மாதம் முப்பது ரூபாய் கட்டுகிறேன் என்று ராஜியாகப் போனால் சுலபம் என்றார் வக்கீல். மூன்று ரூபாய் என்றாலும் கட்ட மாட்டேன் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல, வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பீஸ் ஐம்பது. பிலோமி கேட்காமலே எடுத்துத் தந்தாள். அன்று கேட்டதற்குப் பரிகாரம்.

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்து, தெருவில் இருக்கிற அந்தோணி பர்னாந்துகளை எண்ணினேன்.

ஆமை அந்தோணி. எங்கே போனாலும் கடைசியில் வருபவர்.
சோடா அந்தோணி. கலர் கடை.
சுக்கான் அந்தோணி. கொழும்புத் தோணியில் சுக்கான் பிடித்தவர்.
பென்சில் அந்தோணி. நான்.

இதில் சவரிமுத்து மகன் இரண்டு பேர், சுக்கானும் நானும். அதிசயமில்லை. பத்துப் பதினைந்து பெயரை வைத்துக்கொண்டு நானூறு வருஷமாக ஓட்டுகிற ஜனம் நாங்கள். ஞானஸ்நானப் பெயரைச் சொன்னால் தபால்காரனுக்கே ஆள் தெரியாது. பட்டப்பெயர்தான் பெயர்.

வட்டிக்கடைக்காரரின் வசூல் ஆளுக்கு அது தெரியவில்லை. துறைமுக வாசலில் போய் நோட்டில் இருந்த ஞானஸ்நானப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறான். தோணிக்காரன் பெயர் எந்த ரிஜிஸ்டரில் இருக்கிறது? சம்பளம் வாங்குகிற அந்தோணி நான் ஒருத்தன்தான்.

சுக்கானிடம் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. எழுபதாம் வருஷம் கார்த்திகையில் போன தோணி திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கரைக்கு வரவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கடையில் கூட்டம் குறையும் வரை நின்றேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரிந்திருக்கிறது. பிறகு அவரே சொன்னார். பணம் சுக்கானுக்குத்தான் கொடுத்தது. நோட்டில் சர்க்கார் ஸ்டாம்பு ஒட்டுவதால் ஞானஸ்நானப் பெயர். கடைப் பேரேட்டில் 'சுக்கான் அந்தோணி' என்றே எழுதியிருக்கிறார். எடுத்தும் காட்டினார்.

கோர்ட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றேன். பேரேடு வெளியே போனால் சேல்ஸ் டாக்ஸ்காரன் வருவான் என்று பயம். நியாயமான பயம்தான். நான் விடவில்லை.

"அண்ணாச்சி, ஒங்க தராசு சரின்னு ஊரே சொல்லுது. நான் எண்ணுன மூட்ட சரின்னும் சொல்லுது. நம்ம ரெண்டு பேருக்கும் இருக்கது அது ஒண்ணுதான்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கால் கிலோ துவரம்பருப்பு வாங்கி வந்தேன்.

ஜூலை 13, சனி

பேரேடு மட்டும் போதாதாம். சுக்கான் என்று ஒரு ஆளை நானே ஜோடித்துச் சொல்கிறேன் என்பார்களாம். அவர் இருந்தார், கேஸ் போடும் முன்பே இறந்துவிட்டார் என்று யாராவது சொல்ல வேண்டும். செத்தவன் மேல் போட்ட கேஸ் நிற்காது. புதிதாகப் போடவும் கெடு தாண்டிவிட்டது, அவர் குடும்பத்தையும் தொட முடியாது என்றார் வக்கீல். கோவில் மரணப் புத்தகத்தில் பார்த்தேன். பதிவு இல்லை. உடல் வந்தால்தானே பதிவு.

மிச்சம் அவர் மனைவி ரோசம்மாள். உப்பளத்தில் வேலை. கழுத்தில் இன்னும் தாலி. இறந்தவர்களுக்கு வைக்கும் பூசை ஒன்றுகூட வைத்ததில்லை. வருவார் என்று இருக்கிறாள். தெருவில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை, நாங்கள் அதில் கவனமாக இருக்கிறோம்.

"நீங்களே கேளுங்க" என்கிறார் வக்கீல். அவருக்கென்ன.

ஜூலை 16, செவ்வாய்

இரண்டு தடவை ரோசம்மாள் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாவது தடவை நாய் குரைத்தது. முடிவு செய்துவிட்டேன். கேட்கப் போவதில்லை. பேரேட்டை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். தோற்றால் ஐம்பத்தைந்து ரூபாய் போகட்டும். சாவியும் போகட்டும்.

ஜூலை 18, வியாழன்

பிலோமி போய் ரோசம்மாளிடம் சொல்லியிருக்கிறாள், குழாயடியில். அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோதே ரோசம்மாள் வந்துவிட்டாள். உப்பளத்திலிருந்து நேரே, காலில் உப்பு வெள்ளை காயாமல். உட்காரவில்லை.

"அண்ணே, ஒங்க சாவியப் பிடுங்கிட்டாகளாமே."

அது கிடக்கட்டும் என்றேன்.

"கெடக்க வேண்டாம். அவுக வாங்குன துட்டு. வீட்டுக்கு ஓலையும், எனக்கு ஒரு சீலையும் எடுத்தாக. நான் வந்து சொல்லுதேன்."

என்ன சொல்ல வேண்டியிருக்கும் தெரியுமா என்று கேட்க நினைத்தேன். அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

ஜூலை 24, புதன்

முன்சீப் கோர்ட். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. அண்ணாச்சி பதினோரு மணிக்கு வந்தார், பேரேட்டைச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது போல. பக்கத்தை விரித்துக் காட்டினார். கம்பீரமாகவே சொன்னார், என் கணக்கு தப்பாது என்று. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

எதிர்க்கட்சி வக்கீல், பட்டப்பெயர் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றார். அடுத்து ரோசம்மாள். பைபிளைத் தொட்டுச் சத்தியம். சுக்கான் அந்தோணி என்பவர் யார் என்று கேட்டார்கள்.

"எம் மாப்பிள."

இப்போது எங்கே?

அவள் கை தாலிக்குப் போனது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். நான் எழுந்து, வேண்டாம் ஐயா, நானே கட்டிவிடுகிறேன் என்று சொல்லியிருப்பேன். கால்கூட அசைந்தது. அவள் என்னைப் பார்த்தாள், உட்காரச் சொல்வது போல.

"செத்துட்டாக. எழுவதாம் வருசம் கார்த்திகையில. தோணியோட."

தெளிவாகச் சொன்னாள். மூன்று வருஷம் எட்டு மாதத்தில் முதல் தடவை. கோர்ட்டில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால், எனக்காக.

தீர்ப்பு ரத்து. சம்பளப் பிடிப்பு ரத்து. பிடித்த பணம் திரும்பக் கொடுக்க வேண்டும். செத்தவன் மேல் போட்ட கேஸ் செல்லாது. வசூல் ஆள் என்னைத் தாண்டிப் போகும்போது தலை குனிந்தான். நான் குனியவில்லை.

ஜெயித்துவிட்டேன். பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன். ஆனால் பாதிக்கு மேல் என்னுடையது இல்லை.

ஜூலை 25, வியாழன்

மேனேஜர் மேஜையில் சாவியை வைத்து நகர்த்தினார். எடுக்கவில்லை. அன்று நின்ற லோடுமேன் இரண்டு பேரையும் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டார். அவர்கள் முன்னால் கையில் வாங்கிக்கொண்டேன். திமிர்தான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

முழுச் சம்பளம். பிடித்த ஐம்பத்தைந்து தனிக் கவரில். பிலோமிக்குச் சேலை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இரண்டாக எடுக்கட்டுமா என்றாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இருட்டும் முன் ரோசம்மாள் வந்தாள். கழுத்தில் தாலி இல்லை. பூசை வைக்க வேண்டும், கோவிலில் கொடுக்கச் சீட்டு எழுதித் தாருங்கள் என்றாள். 'இறந்த அந்தோணி பர்னாந்து ஆத்துமத்துக்காக' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

"அப்பிடி எழுதுனா எத்தன பேரு இருக்காக அண்ணே. சுக்கான்னு போடுங்க. மாதாவுக்கு ஆளு தெரிய வேண்டாமா."

வேறு தாள் எடுத்து, அப்படியே எழுதிக் கொடுத்தேன்.