செங்கல் மேல் நின்ற என் மாப்பிள்ளைக்கு

ஏனுங்க, என் அன்பானவரே,

நீங்கள் கண்மூடிப் போன பிறகு உங்களிடம் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி இது. நம் மகள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவள் நிமிர்ந்து நின்றாள். நானும் நின்றேன்.

என்னைப் பெண் பார்க்க நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை குட்டை என்று தரகர் சொல்லிவிட்டதால், புடவைக்குள் முழங்காலை மடக்கி, தோளைச் சுருக்கி நிற்கச் சொன்னார் என் அம்மா. கல்யாணம் முடிந்து ஏற்காடு கடைவீதி ஸ்டுடியோவில் படம் எடுத்தபோது நீங்கள் ஒரு செங்கல் மேல் ஏறி நின்றீர்கள். ஸ்டுடியோக்காரர் என் புடவைக் கொசுவத்தை இழுத்துவிட்டு அதை மறைத்தார். "நான் ஏறிட்டன், நீ எறங்கிட்ட. கடைசில யாரு ஏமாந்தது?" என்று வீடு வரும்வரை சிரித்தீர்கள்.

நீங்கள் அன்றே செங்கல்லைவிட்டு இறங்கிவிட்டீர்கள். நான்தான் குனிந்தபடியே இருந்துவிட்டேன். "நிமிந்து நட ரோசி, எனக்கொண்ணும் கொறஞ்சிராது" என்று எத்தனை தடவை சொன்னீர்கள்! பழக்கம் விடவில்லை. ஏன் விடவில்லை?

நீங்கள் போன பிறகு கழுத்து வலி தோளுக்கு இறங்கியது. வகுப்பில் கரும்பலகையின் மேல் பாதிக்குக் கை எட்டவில்லை. கீழே எழுதினால் தெரியாமல், கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்து எழுதினார்கள். ஸ்டெல்லாதான் என்னைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை ஒட்டி நிற்கச் சொன்னாள். குதிகால் தொட்டது, இடுப்பு தொட்டது, முதுகு தொட்டது. தலை தொடவில்லை. பிறகு பக்கவாட்டில் நிற்கவைத்து, கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல ஒரு நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தாள். தோளுக்கு நேராக இருக்க வேண்டிய காது எங்கேயோ முன்னால் போயிருந்தது.

"சும்மா நீயும் நில்லும்மா" என்றாள் ஸ்டெல்லாவிடம்.

அவள் தலையும் தொடவில்லை.

ஏனுங்க, இதை உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்? அவளை யாரும் குனியச் சொன்னதில்லை. என்னைப் பார்த்தே குனிந்திருக்கிறாள்.

"எலும்பு வளையலீங்க டீச்சர். நெஞ்சுத் தசை இறுகிக் கெடக்குது. தெனமும் இழுத்துவிட்டா வந்துரும்" என்றாள் அந்தப் பெண்.

மறுநாளே தொடங்கினோம். சமையலறைக் கதவு நிலையின் இரு பக்கமும் முன்கைகளை ஊன்றி, ஒரு காலை முன்வைத்து, நெஞ்சு விரியும்வரை மெல்ல முன்னால் சாய வேண்டும். இழுக்கலாம், வலிக்கக் கூடாது. பிறகு தலை குனியாமல் தாடையை மட்டும் பின்னுக்கு இழுக்க வேண்டும். அப்போது இரட்டைத் தாடை விழும். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தே பாதிப் பொழுது போகும். நான் அவசரப்பட்டு நெஞ்சைத் தூக்கிக்கொண்டு நடந்து இடுப்பு பிடித்துக்கொண்டபோது, "நிமிர்றதுன்னா போலீஸ் பரேடு இல்லீங்க டீச்சர்" என்று அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

காப்பி பூத்தபோது தொடங்கியது. பழம் பறிக்கும்போது எங்கள் இருவர் தலையும் சுவரைத் தொட்டது.

மாரமங்கலத்திலிருந்து உங்கள் அக்கா வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்புள்ள, என் தம்பி போனதுக்கப்பறம் நொம்பத்தான் வளந்துட்டே!"

"ஆமாங்க அண்ணி. உங்க தம்பி சொன்னதை இப்பத்தான் கேட்டிருக்கறேன்" என்றேன். வேறென்ன சொல்வது?

மாப்பிள்ளை வீட்டார் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். இந்த மாப்பிள்ளையும் குட்டைதான்! அண்ணி சமையலறைக்கே வந்துவிட்டார். "சாமி, சித்தெ குனிஞ்சு நில்லு. ஊடு தேடி வந்த சம்பந்தம், கெடுத்துக்காதே."

தட்டோடு நின்ற ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தாடையை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன். அவளும் இழுத்தாள். அப்படியே நடந்து போனாள்.

"பொண்ணு நொம்ப ஒசரமுங்களே?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஆமாங்க, என்னாட்டவே" என்றேன். இந்த இடம் போய்விட்டால்?

மாப்பிள்ளை அண்ணாந்து அவளைப் பார்த்தார். "நல்லதுதானுங்க. எங்கூட்டுல பரண்மேல இருக்கறதை எறக்க ஆளே இல்லீங்க." கூடமே சிரித்தது. அவர் அம்மா சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

இப்போது நான் தேதியைப் பலகையின் உச்சியில் எழுதுகிறேன். கடைசி பெஞ்சில் யாரும் எழுந்து நிற்பதில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். கல்யாணப் படத்துக்கு மாப்பிள்ளை செங்கல் கேட்டால் நானே கொண்டுவந்து போடுவேன், கொசுவத்தால் மறைக்க விடமாட்டேன். ஆனால் அவர் பக்கத்தில் நிற்கும் நம் மகள் குனிய மாட்டாள்.

உங்களைவிட இரண்டு விரல் உயரமான மனைவி,
ரோசி