ரூபியின் ரேங்க்

லாஸ்பேட்டை,
ஜூலை 2004

பிரியமுள்ள ஸ்டெல்லாவுக்கு,

அல்போன்ஸ் எழுதுவது. நானும் ரூபியும் நலம். குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் மகள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

அவளுக்கு பார்மசி சீட் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டு ரெக்ஸுக்குக் கிடைத்துவிட்டது. பிளஸ் டூவில் அவன் இவளைவிட எவ்வளவோ கம்மி. நான் சும்மா இருப்பேனா? அவன் அப்பா யாரையோ பிடித்து வேலையை முடித்துவிட்டார் என்றே நினைத்தேன். அவர்கள் கொடுத்தனுப்பிய கேக்கைக்கூடத் தொடவில்லை.

அட்மிஷன் ஆபீசுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். பிளஸ் டூ மார்க்கை மட்டும் வைத்து ரேங்க் போடுவதில்லை, நுழைவுத் தேர்வு மார்க்கையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், உங்கள் பெண் அதில்தான் கோட்டைவிட்டுவிட்டாள் என்றார் அங்கிருந்த கிளார்க். கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதா என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பும் எனக்குச் சரியாகப் படவில்லை.

திரும்பி வந்து ரெக்ஸையே மடக்கினேன். உனக்கு மட்டும் எப்படிடா அவ்வளவு மார்க் என்றேன். பையன் மிரண்டுபோய், "ரூபிதான் அங்கிள் எனக்குச் சொல்லிக் குடுத்தா. அவளுக்குத் தெரியாத கேள்வியே இல்ல" என்றான். சொல்லிக் கொடுத்தவள் எப்படிக் கீழே போனாள்? அப்போதுதான் என் சந்தேகம் நம் வீட்டுக்குள் நுழைந்தது.

ரூபியைக் கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. பாதிக் கேள்வியைத் தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தாளாம். சீட் கிடைத்தால் பீஸ் கட்டுவதற்காகப் படிப்பு முடியும்வரை நீ அந்த ஆஸ்பத்திரியிலேயே நர்ஸ் வேலை பார்த்துக் கிடப்பாயாம். இங்கேயே அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. சேர்ந்தால் நீ வந்துவிடலாமாம். கையை ஓங்கிவிட்டேன், ஆனால் அடிக்க முடியவில்லை. வாசலுக்குப் போய் நின்று அழுதேன், ஸ்டெல்லா.

அப்புறம் அவள் வந்து, அம்மாவுக்குத் திரும்பி வர ஆசை இருக்கிறதா என்று கேட்டாள். போன வருஷம் கிடைத்த லீவையும் நீ வேண்டாம் என்றுவிட்டாய் அல்லவா? எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. கேட்கப் பயந்துகொண்டுதான் இத்தனை நாள் ஊரில் உள்ளவர்களையெல்லாம் சந்தேகப்பட்டேனோ என்னவோ. ஆனாலும் அவளிடம், இருக்கிறது என்று அடித்துச் சொல்லிவிட்டேன்.

பிள்ளை முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிடாதே. மாதா உன்னைப் பத்திரமாக வீடு சேர்க்கட்டும்.

உன் வழி பார்த்திருக்கும்,
அல்போன்ஸ்