உங்களுக்குச் சைனீஸ் பிடிக்குமாமே!

மார்ச் 4

மதியம் பெரிய விருந்து சாப்பிட்டுவிட்டு வந்து, சாயங்காலம் சமையலறையில் நின்றபடியே ரொட்டியும் முட்டையும் தின்றேன். இவள் வந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தால், தனக்கும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக்கொண்டாள். அவளுக்கும் வயிறு காலிதான் போலிருக்கிறது.

விருந்துக்கு அழைத்தவர்கள், பாப்பா கட்டிக்கொள்ளப் போகும் பையனின் அப்பா அம்மா. பாப்பாவுக்கு இருபத்தெட்டு வயது, எங்களுக்கு இன்னும் பாப்பாதான். பையனை நானும் இவளும் நெட்டை என்போம், அவன் காதில் விழாதபடி. அவனுடைய அப்பா பல் டாக்டர். அம்மா கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு குடும்பமும் சேர்ந்து ஒரே மேஜையில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான். பேர் போன சைனீஸ் உணவகம். இடம் கிடைக்கவே முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டுமாம்.

உள்ளே போனால் ஒரே இருட்டு. சுவர் கறுப்பு, மேஜை கறுப்பு, தட்டும் கறுப்பு. மெனுவைப் படிக்கப் பல் டாக்டர் கைப்பேசி விளக்கைப் போட்டார். பழக்கதோஷத்தில் எங்கள் வாய்க்குள்ளும் அடித்துப் பார்ப்பாரோ என்று பயந்தேன். மூங்கில் கூடையில் ஆறு பேருக்கு, கொழுக்கட்டை மாதிரி, ஐந்து டம்ப்ளிங் வந்தன. அதிலும் ஒன்று மிஞ்சியது! "நீங்க எடுத்துக்குங்க", "ஐயோ, நீங்க எடுத்துக்குங்க" என்று கூடையை ஆளாளுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தோம். பரிமாறுகிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் வாத்து. அது வருவதற்கு முன்னால் அதன் வாழ்க்கை வரலாறு வந்தது. எங்கே வளர்ந்தது, என்னவெல்லாம் தின்றது என்று நின்று சொன்னார்கள். அது தின்றதில் பாதிகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

"எப்படி இருக்கு சார்?" என்று பல் டாக்டர் ஆசையாகக் கேட்டார்.

"பிரமாதம்" என்றேன். இவளும் பிரமாதம் என்றாள். பாப்பா "சூப்பர் அங்கிள்" என்றாள்.

"உங்களுக்குச் சைனீஸ் ரொம்பப் பிடிக்குமாமே!" என்றார். தலையை ஆட்டி வைத்தேன். எனக்கா? யார் சொன்னது இவருக்கு?

மார்ச் 5

லிஃப்ட்களைச் சோதிக்கும் என் வேலைக்கு நடுவில் வாத்து ஞாபகம் வந்து தனியாகச் சிரித்துவிட்டேன். நல்லவேளை, லிஃப்டுக்குள் வேறு யாரும் இல்லை.

மார்ச் 11

பதிலுக்கு நாம் அழைக்க வேண்டும். வீட்டுக்கே வரச் சொல்லலாமே என்றேன்.

"அவங்க அவ்வளவு பெரிய இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நாம ஆடுற நாற்காலில உக்கார வச்சுச் சோறு போடணுமா?" என்றாள் இவள். நாற்காலியைச் சரி செய்யாதவன் நான்.

பாப்பாவும் அம்மா கட்சி. "அவங்களுக்கு அந்த மாதிரி இடம்தான் பிடிக்கும்ப்பா. சைனீஸ்லயே அதைவிட நல்லதாப் பாருங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன்தான் சொன்னான்."

சரி. அதைவிட நல்லதாகப் பார்த்துவிட்டால் போயிற்று.

மார்ச் 18

அதைவிட நல்லது எல்லாமே வெள்ளை. கண் கூசியது. ஒரு குவளையில் நுரையாக ஏதோ வந்தது, சூப் என்றார்கள். பல் தேய்த்து வாய் கொப்பளித்த தண்ணீர் மாதிரி இருந்தது. எதிரில் பல் டாக்டரை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா? நூடுல்ஸ் ஒரு பிடி, தலையில் தங்கத் தாள், ஆறிப்போய் வந்தது. டீச்சரம்மா அதைக் குச்சியால் தட்டின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லாயிருக்கு, எங்களுக்காக இவ்வளவு தேடிப் பிடிச்சு..." என்றார். நான் நெளிந்தேன்.

இதெல்லாம் போகட்டும். எழுத வந்தது வேறு.

நூடுல்ஸுக்கு நடுவில் டீச்சரம்மா சொன்னார்: "மாடி ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. ஜன்னலுக்கெல்லாம் திரை நானே தச்சிருக்கேன். கல்யாணமானதும் ரெண்டு பேரும் அங்கயே இருந்துக்கலாம்."

பாப்பா தட்டிலிருந்து நிமிர்ந்தாள். "சூப்பர் ஆண்ட்டி" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்பு அதே குரலில்தான் அந்த நுரையையும் சூப்பர் என்றாள். பாப்பா கால்நடை மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். விடிவதற்குள் அங்கே இருக்க வேண்டும். பல் டாக்டர் வீடு ஊரின் மறுகோடி. அங்கே குடிபோனால் இந்த வேலையை விட வேண்டியதுதான். போன மாதம்தான் அவளும் நெட்டையும் மருத்துவமனைப் பக்கம் வீடு பார்த்துவிட்டு வந்து, பின்பக்கம் மரம் இருக்கிறது என்றெல்லாம் கதை சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அந்த மாடி உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அவங்க முன்னாடி வேற எப்படிப்பா சொல்றது?"

"அவங்க வீட்டுக்குப் போனப்புறம்?"

"அப்பவும்தான். கொஞ்ச நாளைக்கு."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள்?

மார்ச் 19

தூக்கம் பிடிக்கவில்லை. இந்தப் பெண் சின்ன வயதில் எப்படி இருந்தாள்! பக்கத்து வீட்டம்மா கேக் செய்து கொடுத்தால், ஒரு கடி கடித்துவிட்டு "தீஞ்சு போச்சு ஆண்ட்டி" என்று அங்கேயே சொல்லுவாள். நாங்கள்தான் கையைக் கிள்ளினோம். அப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று பழக்கினோம். நன்றாகத்தான் பழகியிருக்கிறாள்.

நெட்டை நல்ல பையன். அவனுடைய அப்பா அம்மாவும் நல்லவர்கள்தான், அதுதான் கஷ்டமே. கெட்டவர்களாக இருந்தால் சண்டை போட்டு விடலாம். இத்தனை மரியாதையாகப் பேசுகிறவர்கள் வீட்டில் என் பெண் ஒவ்வொரு நாளும் சூப்பர் சூப்பர் என்று சொல்லிச் சொல்லியே ஊமையாகிவிடுவாளோ?

இவளிடம் சொன்னேன். "எல்லாரும் அப்படித்தான்" என்றாள். "உங்கம்மா சமையலை நான் ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கேனா?"

"உனக்குத்தான் அது பிடிச்சிருந்ததே!"

"அப்படியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 27

துணிக்கடையில் லிஃப்ட் சோதனை. மேலே போகும்போது ஒரு சின்ன உராய்வுச் சத்தம். கடை மேனேஜர் கூடவே வந்து, "சத்தம் மட்டும்தான் சார், நல்லாத்தான் ஓடுது. தள்ளுபடி நேரம் சார், கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று கெஞ்சினார். கையைக்கூடப் பிடித்தார். நான் மசியவில்லை. கதவில் 'ஓட்டக்கூடாது' என்ற சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு இறங்கி வந்தேன். வேலையில் இறங்கினால் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

இதே வாய்தான் அந்த வாத்தைப் பிரமாதம் என்றது. திரும்பி வரும்போது பேருந்தில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 2

பல் டாக்டர் தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாப்பிடப் போய், கல்யாணத் தேதியையும் பேசி முடித்துவிடலாமாம். ஆற்றங்கரையில் புதிதாகத் திறந்திருக்கிறார்களாம். சைனீஸ்! "உங்களுக்குப் பிடிக்குமேன்னு இடம் பிடிச்சுப் போட்டேன் சார்." இவருக்கு என்மேல் இவ்வளவு பாசம் வேண்டாம்.

பாப்பா என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "அப்பா, மாடியைப் பத்தி நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது. நானே எப்பவாவது சொல்லிக்கறேன்."

எப்பவாவது. பேசமாட்டேன் என்றேன்.

ஏப்ரல் 8

நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முழு மீனை ஆவியில் வேகவைத்து, நீளத் தட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். மேலே இஞ்சியும் பூவும். தேதிப் பேச்சு அப்போதுதான் தொடங்கியிருந்தது. நான் நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்தேன். வரவில்லை. முள்ளோடு ஒட்டிக்கொண்டு, உள்ளே பச்சையாக இருந்தது. சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் மேல்தோலையும் இஞ்சியையும் மட்டும் கொறித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பேருக்கும் தெரியும். ஒருவரும் மூச்சு விடவில்லை.

பரிமாறுகிறவர் வந்து குனிந்தார். "எல்லாம் எப்படி இருக்கு?"

"பிரமாதம்" என்றார் பல் டாக்டர்.

பாப்பாவைப் பார்த்தேன். அவள் உதடு "சூ" என்று குவிந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"இந்த மீன் வேகல" என்றேன்.

பரிமாறுகிறவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "இது எங்க பெரிய சமையல்காரரோட பாணி சார். இப்படித்தான் சாப்பிடணும்."

"இருக்கட்டும். ஆனா வேகல."

இவள் மேஜைக்கடியில் என் காலை மிதித்தாள். அப்போதுதான் டீச்சரம்மா குச்சிகளைக் கீழே வைத்தார். "வேகலதான்" என்றார். "நானும் எவ்வளவு நேரமா இந்த இஞ்சியையே மெல்லுறது? அன்னிக்கு அந்த வாத்து. வீட்டுக்குப் போய் நாங்க பிஸ்கட் சாப்பிட்டோம்!"

அவ்வளவுதான், அணை உடைந்தது. பல் டாக்டர் என்னைக் கேட்டார், "அப்ப உங்களுக்குச் சைனீஸ் பிடிக்காதா சார்? பையன்தானே சொன்னான்!" நெட்டை பாப்பாவைப் பார்த்தான். பாப்பா என்னைப் பார்த்தாள். "ஒரு மழை நாள்ல முக்குக்கடை ஃப்ரைடு ரைஸ் வாங்கிட்டு வந்தேன், நீங்க வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீங்களே, அதைச் சொன்னேன்ப்பா." அன்றைக்கு எனக்குக் கொலைப்பசி! நெட்டை தன் அம்மாவிடம், "நீங்கதானே டிவில ஒரு சைனீஸ் ஹோட்டலைப் பாத்துட்டு நல்லாயிருக்குன்னீங்க?" என்றான். "விளக்கு நல்லாயிருக்குன்னேன்டா!" என்றார் டீச்சரம்மா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பாப்பா சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். "ஆண்ட்டி, எனக்கு அந்த மாடி ரூம் வேண்டாம்."

டீச்சரம்மாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என் வேலைக்கு அங்கேர்ந்து போக முடியாது ஆண்ட்டி. நாங்க பக்கத்துல வீடு பாத்திருக்கோம். அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

நெட்டை தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் அந்த ரூம் வேண்டாம்மா" என்றான்.

"திரையெல்லாம் தச்சேனே" என்றார் டீச்சரம்மா. பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரம் பார்த்து நாங்கள் கேட்காத இனிப்புத் தட்டு ஒன்று புகை கக்கிக்கொண்டு வந்தது. சிவப்புப் பாகில் 'வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தது. யாரும் தொடவில்லை. தேதியை யாரும் எடுக்கவில்லை. வாசலில் கைகூப்பிப் பிரிந்தோம்.

வண்டியில் பாப்பா தேம்பித் தேம்பி அழுதாள். "கெடுத்துட்டேன்ப்பா."

"நீ எங்கே கெடுத்த? உங்கப்பாவோட மீன்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு" என்றாள் இவள். கொஞ்ச தூரம் போனதும் "ஆனா அது வேகலதான்" என்றாள்.

ஏப்ரல் 10

அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நெட்டை மட்டும் பாப்பாவிடம் பேசுகிறானாம். "அம்மா சரியாப் பேசமாட்டேங்கறாங்க" என்றானாம்.

ஏப்ரல் 12

பாப்பா சாப்பிடாமல் வேலைக்குப் போய்விட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இஞ்சியைத் தின்றிருக்கலாமோ? என்னதான் குடி முழுகிப்போயிருக்கும்? பிறகு, மாடியைச் சூப்பர் என்ற அந்தக் குரல் ஞாபகம் வருகிறது. இல்லை. முடியாது. ஆனாலும் பயமாக இருக்கிறது. கல்யாணம் நின்றுபோனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

ஏப்ரல் 15

சாயங்காலம் அழைப்பு மணி. டீச்சரம்மா, தனியாக, கையில் பெரிய துணிப்பை. நேராக வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அது ஆடும்ங்க" என்றேன்.

"ஆடட்டும். முதல்லயே இங்க கூப்பிட்டிருக்கக்கூடாதா?"

இவள் தேநீர் கொண்டுவந்தாள். டீச்சரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை ஜாஸ்தி" என்றார். இவளுக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. பிறகு குபீரென்று சிரித்து வேறு போட்டுவந்தாள். எங்களுக்கு இது புதிது, பழக வேண்டும்.

பாப்பா அறைவாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை.

"வா, இப்படி உக்காரு" என்றார் டீச்சரம்மா. "எனக்குக் கோபம்தான். இன்னும் முழுசாப் போகல. வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா? ஆசை ஆசையாத் தச்சது. அப்புறம் யோசிச்சேன். நீ எங்க வீட்டுக்கு வந்து, ரெண்டு வருஷம் சிரிச்சுக்கிட்டே இருந்துட்டு அப்புறம் இதைச் சொல்லியிருந்தா? அந்த ரெண்டு வருஷத்துல எது நிஜம், எது பொய்னு நான் எங்கே போய்த் தேடுவேன்?"

பாப்பா அழுதாள். இவளும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"சரி, அழுதது போதும்." துணிப்பையைத் திறந்து திரைகளை வெளியே எடுத்தார். "நீங்க பாத்திருக்கிற வீட்டு ஜன்னல் என்ன உயரம்? அளவு சொன்னாத்தானே வெட்ட முடியும்?"

தேதி ஜூன் கடைசியில்.

ஆகஸ்ட் 20

பாப்பா வீட்டில் மதியச் சாப்பாடு. சின்ன வீடு. பின்பக்க மரத்தின் கிளை ஜன்னலை உரசுகிறது. திரைகள் ஒரு சாண் குட்டை. பாப்பா ஜன்னலைத் தப்பாக அளந்துவிட்டாளாம். கணக்கு டீச்சர் வீட்டு மருமகள்!

நூடுல்ஸ் அவளே செய்தாள். கரண்டியால் எடுத்தால் மொத்தமும் ஒரே கட்டியாக எழுந்து வந்தது. பல் டாக்டர் ஒரு வாய் வைத்து மென்றார். மென்றுகொண்டே இருந்தார். எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"நல்லா இல்லம்மா" என்றார்.

"தெரியும் மாமா" என்றாள் பாப்பா, தானும் மென்றுகொண்டே.

அவர் மிச்சத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லித் தட்டை நீட்டினார்.