ராஜாவின் ஒரு தாவல்

சுக்கு வாசனை இன்னும் போகவில்லை. சுக்குக் கிடங்கு வேலையிலிருந்து நீங்கள் கொண்டுவந்த அந்தத் தகர டப்பாவை இன்று திறந்தேன். சதுரங்கக் காய்களை எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை.

நான் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது உங்களுக்கு இந்த ஆட்டமே தெரியாது. பாலக்காட்டில் அண்ணன்மாரோடு ஆடிப் பழகியதை உங்களுக்குக் காட்டித் தந்தேன். சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி, வேலி கட்டிவிட்டு, அப்புறம் குதிரையை இறக்குகிற தொடக்கம் என்னுடையது. ராஜா மாட்டிக்கொண்டால் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம் என்பதும் எங்கள் வீட்டுச் சட்டம்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் வாசகசாலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தீர்கள். மூத்தவளை மடியில் வைத்துக்கொண்டு நான் சுவரோரப் பெஞ்சில் இருந்தேன். என் வேலியை உடைக்க எதிராளியால் முடியவில்லை. கூட்டம் கூடிவிட்டது. இந்தத் தொடக்கத்தை யாரிடம் படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டார்.

"நானே யோசிச்சதாக்கும்."

என் பக்கம் நீங்கள் திரும்பவில்லை.

பிறகு உங்கள் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. வீட்டில் செய்வதுபோல எடுத்துத் தாவ வைத்தீர்கள். ராஜா குதிரை ஏறிவிட்டார் என்று மலையாளத்தில் யாரோ சொல்ல, ஹால் முழுதும் சிரித்தது. போட்டியில் அப்படியொரு சட்டம் கிடையாதாம். தொட்ட காயையே நகர்த்த வேண்டுமாம். மீதியிருந்த ஒரே கட்டத்தில் வைத்தீர்கள். எதிராளி அடுத்த காயை நகர்த்தியதும் ஆட்டம் முடிந்தது. அப்போதுதான் என்னை நோக்கிக் கை நீட்டினீர்கள்.

"எல்லாம் இவ சொல்லித் தந்ததாக்கும்."

அத்தனை தலையும் திரும்பியது. தொடக்கமும் என்னுடையதுதான் என்று சொன்னால், புருஷனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்கியவள் ஆவேன். சொல்லாவிட்டால் நான் முட்டாள். எழுந்து போகவும் வழியில்லை, வாசலை அடைத்து ஆட்கள். குழந்தையைக் கிள்ளினேன். அது வீறிட்டது. வழிவிட்டார்கள்.

அதன்பின் உங்களோடு ஆட உட்காரவே இல்லை. ஞாயிறுதோறும் காய்களை அடுக்கிவிட்டு, "முதல்ல நீ நகத்து" என்பீர்கள். அடுப்பில் பால் இருக்கிறது என்பேன். அந்தத் தொடக்கம் உன்னோடதுதான் என்ற ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். கண்மூடும்வரை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று அந்த ஆட்டத்தை அப்படியே அடுக்கினேன். எந்தக் காய் எங்கே நின்றது என்பது எனக்கு மறக்குமா? உங்கள் ராஜா அதே மூலையில். நானே எடுத்துக் குதிரையைப் போலத் தாவ வைத்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். இது நம் வீடு. இங்கே அது செல்லும்.