கழுவிக் கவிழ்த்த டப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நானும் அம்மாவும் நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிறோம். நடமாட்டத்தை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்பது போகப்போகப் புரியும், அதற்குள் பதறாதே. பதற வேண்டியதையெல்லாம் உனக்கும் சேர்த்து நானே பதறிக்கொண்டிருக்கிறேன்.

உன் ஆய்வகத்துக் குளிர் அறை பழுதாகிப் புது விதை முழுக்க வீணாகிவிட்டது, இனி வீட்டில் கொடுத்துவைத்த டப்பாதான் கதி என்று போனில் அழுதாயே, அப்போது டப்பா பத்திரமாக இருக்கிறது என்று சொன்னேன். அது பொய் இல்லை. இரண்டு டப்பாவுமே பத்திரமாகத்தான் இருக்கின்றன, ஒன்று மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம். மழை வந்ததும் கொல்லையில் அருகருகே விதைத்துப் பார்க்கச் சொல்லி நீ விட்டுப்போன இரண்டில் ஒன்று விஷம் குறைந்த உன் புதுக் கேசரிப் பருப்பு, இன்னொன்று ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விஷப் பருப்பு. நீ ஒட்டிய காகிதம் ஃப்ரிட்ஜ் ஈரத்தில் உரிந்து விழுந்துவிட்டது. தையல்காரன் புத்தி, துணியில் கோடு போடும் சாக்பீஸால் உன்னுடையதில் பெருக்கல் குறியும் மற்றதில் வட்டமும் போட்டு வைத்தேன். உன் அம்மா கையில் ஈரத்துணி இருந்தால் எதைத்தான் விட்டுவைப்பாள், ஃப்ரிட்ஜைத் துடைத்தபோது இரண்டையும் பளிச்சென்று ஆக்கிவிட்டாள். மறுநாள் சித்தப்பா குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்க, குறி ஒன்றும் இல்லாததால் கடைப் பருப்பு என்று நினைத்து ஒரு டப்பாவை அப்படியே உலையில் கொட்டிவிட்டாள். சித்தப்பா இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனபோதுதான் காலி டப்பா கண்ணில் பட்டது.

ஒரு வேளை சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, மழை பொய்த்து எல்லாம் கருகும்போது இந்தப் பயிர் மட்டும் நிற்கும், வேறு வழியில்லாதவர்கள் மாதக்கணக்கில் இதையே தின்னும்போதுதான் கால் விளங்காமல் போகிறது என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஆனாலும் காலையில் கண் விழித்ததும் கட்டைவிரலை ஆட்டிப் பார்க்கிறேன். அம்மாவைக் குதிகாலால் நடந்து காட்டச் சொன்னேன், எனக்குக் கால்ல ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் தலையில ஏதோ ஆயிடுச்சு என்றாள். முந்தாநாள் சித்தப்பா போன் செய்து, அண்ணே, கால் ரெண்டும் ஒரே குடைச்சல் என்றதும் எனக்கு உயிரே போய்விட்டது. விசாரித்தால் லிஃப்ட் ஓடாமல் மாடி மாடியாக ஏறியிருக்கிறார்.

காலைவிடப் பெரிய பயம் வேறு. தின்றது விஷம் இல்லை என்றால் அது உன் உழைப்பு. யாரும் சீந்தாத ஒரு பயிரின் மரபணுவை உட்கார்ந்து படித்து, முளைவிட்டதுமே இலையைக் கிள்ளிச் சோதித்து, விஷம் குறைந்த செடியை மட்டும் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் கலந்து கலந்து நீ எடுத்தது. அதை வெங்காயம் போட்டுத் தின்றுவிட்டோம் என்றால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன். மீதி டப்பாவைக் கையில் கொட்டிக் கொட்டிப் பார்க்கிறேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நான் போட்ட குறி ஈரத்துணிக்கே போய்விட்டது. நீ தேடுகிற குறி விதைக்குள்ளேயே இருக்கிறது, யார் துடைத்தாலும் அழியாது என்பாயே, அதை நம்பித்தான் ஒரு பிடியைத் துணிப்பையில் தைத்து இதோடு அனுப்புகிறேன். முளைக்கவைத்து இலையைப் பார்த்துச் சொல். அந்த டப்பாவில் மீதமுள்ளது என் தையல் மெஷின் டிராயரில் பூட்டியிருக்கிறது, சாவியை அம்மாவிடம் காட்டவில்லை. உன் மேலதிகாரி கேட்டால் எங்க அப்பா ஒரு அசடு என்று சொல்லிவிடு, எனக்கு வருத்தமில்லை. இந்தக் கவலையில் சாப்பிடாமல் மட்டும் கிடக்காதே.

நீ போன் செய்தால் அம்மா குளியலறைக்குள் போய்விடுகிறாள். கோபம் என்று நினைத்துவிடாதே. நேற்று அந்தக் காலி டப்பாவை மறுபடி எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கழுவினதுதானே, விடு என்றேன். திரும்பாமலே, நாம தின்னது விஷமாவே இருக்கட்டுங்க என்றாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நினைத்ததை முடிக்க எங்கள் இரண்டு பேர் ஆசியும் உண்டு. பையைக் கத்தரியால் வெட்டாதே, நூல் முனையை இழுத்தால் தானே பிரியும். நீங்கள் தின்றது விஷம்தான் என்று உன்னிடமிருந்து பதில் வந்தால், அன்றைக்கே அம்மாவுக்கு இனிப்பு வாங்கி வருவேன்.

இன்றுவரை இரண்டு காலிலும் நிற்கிற,
உன் அப்பா