விளிம்பைத் தாண்டாத பவளம்

டேய்,

எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் கை நாறுகிறது. அழுகிய பவளத்தின் நாற்றத்தை உனக்கு விளக்க வேண்டியதில்லை. கருவாடும் இல்லை, சாக்கடையும் இல்லை, ரெண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணா நகரிலிருந்து ஒரு பையன் அதை பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு திருவொற்றியூரில் என் வீடு வரைக்கும் வந்துவிட்டான்.

"உங்க ஃப்ரெண்டு கடையில வாங்கினது ப்ரோ. வாங்கின வாரமே இப்படி ஆயிடுச்சு. என் தண்ணியில என்ன தப்பு?"

அவன் பாட்டிலில் கொண்டுவந்திருந்த தொட்டித் தண்ணீரைச் சோதித்தேன். ஒரு தப்பும் இல்லை. பவளத் துண்டைக் கவிழ்த்துப் பார்த்தேன். வழக்கமான செராமிக் வட்டு, அதன்மேல் பசை, பசையை மறைக்க மேலே ஊதா நிறத்தில் புட்டிப் பூச்சு. தொட்டியில் பல மாசம் கிடந்த வட்டின்மேல் தானாகப் படரும் ஊதாப் பாசி போலவே செய்திருந்தார்கள். நகத்தால் கீறினேன், புட்டி பெயர்ந்தது. உள்ளே உளி பட்டு உடைந்த பாறை. பாறையைத் துளைத்து ஒரு சிப்பி குடியிருந்தது. தொட்டியில் வளர்த்த பவளத்துக்குள் கடல் சிப்பி எப்படி வரும்? பையில் உன் பெயர் போட்ட ஸ்டிக்கர். பெயருக்குக் கீழே, "தொட்டியிலேயே வளர்த்தது."

நீ செத்து ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை.

ராயபுரத்தில் உங்கள் அத்தாவின் கயிற்றுக் கடைக்கு மேல் மாடியில் நாம் பவளம் வளர்க்கத் தொட்டி போட்ட நாள் ஞாபகம் வருகிறது. பம்ப், குழாய், விளக்கு, உப்புக் கணக்கு எல்லாம் என் வேலை. ஆட்களிடம் பேசுவது உன் வேலை. காசிமேட்டிலிருந்து கூடையோடு வரும் மீன்கார அக்கா, நாம் உப்பு பாக்கெட்டைச் சுத்தத் தண்ணீரில் கலக்குவதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கடலாண்ட வூட்ட வச்சிகினு, உப்பு வாங்கி கடலு செய்றியா? லூசாடா நீ?"

"அந்தக் கடல ஊத்துனா என் பவளம் ஒரே நாள்ல புட்டுக்கும்க்கா."

"ஆங்! அதுல புடிச்ச மீன துன்னுகினு நீ இன்னும் புட்டுக்காம தானே கீற!"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து தண்ணீர் கஞ்சி நிறமாவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பக்கத்தில் கடல் இருந்தும் பாக்கெட்டில் கடல் வாங்க வேண்டியிருக்கிறதே என்று எரிச்சல்தான் வந்தது. "இன்னா மாமு, எதுக்கெடுத்தாலும் மூஞ்சத் தூக்கி வச்சிக்கற" என்றாய்.

ஆனால் தொழிலில் உன்னைக் குறை சொல்ல முடியாது. வெளிநாட்டுப் பண்ணையில் வளர்த்து, உரிய பேப்பரோடு வந்த தாய்ப்பவளம். அதிலிருந்து விரல்நகம் அளவுக்கு வெட்டி வட்டில் ஒட்டுவோம். பிறகு காத்திருப்பதுதான் வேலை. பவளத்தின் சதை மெல்லப் படர்ந்து வட்டின் விளிம்பைத் தாண்டிக் கீழே இறங்க மாசக்கணக்கில் ஆகும். அதுவரை எவன் வந்து கெஞ்சினாலும் நீ கொடுத்ததில்லை. "விளிம்பத் தாண்டட்டும் சார், அப்பால பாத்துக்கலாம்" என்று அனுப்பிவிடுவாய். ஒருவன் தெர்மாகோல் பெட்டியோடு வந்தானே, தெற்கிலிருந்து, ராத்திரி பஸ்ஸில். பெட்டி நிறைய நம் கடலில் உடைத்த பவளம். பாதி விலை சொன்னான். புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம்தான் இதற்கும், உள்ளே போவாய் என்று நான் கத்தினேன். நீ கத்தவில்லை. "எங்க கடல நாசமாக்கி முடிச்சாச்சு. உங்க பக்கமாவது மிச்சம் இர்க்கட்டும், வுட்டு வைங்கப்பா" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாய்.

அந்த டீயில்தான் எனக்கும் உனக்கும் சண்டை. உன்னிடம் எல்லாமே முகராசியில் நடந்தது. வாங்குகிறவனுக்கு அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டு, தாய்ப்பவளம் எது என்று காட்டு, எதை நம்பக்கூடாது என்று அவனுக்கே கற்றுக்கொடு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். நீ கேட்டாயா?

"வாங்க வர்றவனுக்கு கெமிஸ்ட்ரி கிளாஸ் எடுக்காத மாமு. நான் சொல்றேன்ல, அது போதும் அவனுக்கு."

போதுமானதாகத்தான் இருந்தது. நீ இருந்தவரை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்கு வழிவிட வண்டியை ஓரம் கட்டப் போனாயாம். அந்தச் சாலையில் ஓரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? பள்ளம் இருக்கிறது, மணல் இருக்கிறது, நின்றுபோன லாரி இருக்கிறது. உன்னை அடக்கம் பண்ணிய வாரமே உன் அண்ணன் கடையை எடுத்துக்கொண்டார். "இனிமே குடும்பத்துக்குள்ளயே பாத்துக்கறோம் தம்பி" என்றார். எனக்குக் கடையில் உரிமை எதுவும் இல்லை. வந்துவிட்டேன்.

ஞாயிறு மதியம் அந்தப் பையோடு நேராகக் கடைக்குப் போனேன். அண்ணன் கல்லாவில் இருந்தார். பையை மேஜைமேல் வைத்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னாபா இது, கலீஜா?"

"உங்க கடை சரக்குதான். எங்க உடைச்சது?"

"தொட்டியில வளந்தது. எழுதிக்கீது பாரு."

"சிப்பியும் தொட்டியில வளந்துதா?"

அவர் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். மாடிக்குக் கூட்டிப் போனார். நம் பெரிய தொட்டியில் தாய்ப்பவளங்கள் எலும்பாக நின்றன. வெள்ளை வெளேரென்று, மேலே பாசி பிடித்து. சுண்ணாம்புச் சத்து ஊற்றும் பம்ப் நின்றுபோனது அவருக்குத் தெரியவே இல்லையாம். விளக்கு எரிந்ததாம், தண்ணீர் ஓடியதாம், நிறமும் இருந்ததாம். நிறம் போனபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அப்போது பவளம் போய்விட்டிருந்தது.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே!"

"பண்ணா? நீ வந்து லெக்சர் குடுப்ப. அந்தத் தெர்மாகோல் பெட்டிக்காரன் வந்தான், வாங்கனேன். கடைய மூடிட்டு அம்மாவ எங்க வச்சிக் காப்பாத்த சொல்ற?"

"சரி, வித்துக்கோங்க. உங்க தம்பி பேரை எடுங்க. உங்க பேருல வித்துக்கோங்க."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "என் பேருல எவன்டா வாங்குவான்?"

டேய், அந்த நிமிஷம் அவர்மேல் வந்த கோபத்தைவிட உன்மேல் வந்த கோபம்தான் அதிகம். கடலுக்கடியில் எவனோ ஒருவன் உளியை வைக்கிறான். நூறு வருஷம் வளர்ந்தது ஒரே தட்டில் போகிறது. இங்கே அண்ணா நகரிலும் அடையாறிலும், கடலைக் காப்பாற்றுகிற சரக்கு என்று நினைத்து, கூடுதல் விலை கொடுத்து அதை வாங்குகிறார்கள். ஏன்? உன் பெயர் இருக்கிறது. திருப்பிப் பார்க்க அவர்களுக்கு நீ சொல்லிக்கொடுத்திருந்தால் புட்டி பூச அண்ணனுக்குத் தைரியம் வந்திருக்குமா? உன்னை நம்பப் பழக்கினாய். பார்க்கப் பழக்கவில்லை. நீ விட்டுப்போன சொத்திலேயே விலை போகிற பொருள் அந்த நம்பிக்கைதான், அதைத்தான் அண்ணன் விற்கிறார்.

அன்று மாலையே பவளம் வளர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் படத்தோடு போட்டேன். புட்டி, பசை, சிப்பி, எல்லாம். வாங்கும்போதே சதை வட்டின் விளிம்பைத் தாண்டியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என எழுதினேன். கடைசி வரியில், இந்தப் பெயரை நம்பி இனிமேல் எதையும் வாங்காதீர்கள் என்று எழுதினேன். உன் பெயரை நானே என் கையால் தட்டச்சு செய்தேன். அண்ணன் போனில் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

இன்று காலை உன் அம்மா போனில் கூப்பிட்டார். அவரும் திட்டுவார் என்று நினைத்தேன்.

"தம்பி, பக்கத்து வூட்டுப் பொண்ணு நீ எழுதினத படிச்சுக் காட்டுச்சு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. என் புள்ளயும் இப்டிதான் வித்தானா?"

"இல்லம்மா. ஒரு துண்டுகூட இல்ல."

"அத ஏன்பா எழுதல?"

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் எழுதியதை மறுபடி திறந்து பார்த்தேன்.

"பெரியவன் செஞ்சது தப்புன்னு எழுதன. எழுது, கடை மூடட்டும், எப்டியோ கஞ்சி குடிச்சிக்கறோம். ஆனா செத்தவன் தலையில போட்டுட்டு போவாத. எழுதுபா."

எழுத உட்கார்ந்தேன். என்ன ஆதாரத்தை வைத்து எழுதுவது? காட்டுவதற்குத் தாய்ப்பவளம் இல்லை, எல்லாம் எலும்பு. நீ விற்ற துண்டுகள் எத்தனையோ தொட்டிகளில் நன்றாகப் படர்ந்திருக்கும். ஆனால் திருட்டுத் துண்டும் பிழைத்துவிட்டால் இத்தனை நாளில் விளிம்பைத் தாண்டித்தான் இருக்கும். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தாய்ப்பவளத்தோடு வந்த பேப்பர் எங்கே என்று அண்ணனுக்கும் தெரியாது. யோசித்துப் பார்த்ததில் மிஞ்சிய சாட்சி நான் மட்டும்தான்.

அப்படியே எழுதினேன். அவன் கடலிலிருந்து உடைத்த எதையும் விற்றதில்லை, கூடவே இருந்தவன் சொல்கிறேன், நம்புங்கள். வேறு எவனாவது இப்படி எழுதியிருந்தால் நானே கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். இப்போது யார் வந்து கேட்டாலும், எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும், கையில் ஒன்றுமில்லாமல் இதையேதான் நான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய், பாவி.