தெரிந்த வீடு

10 ஜூன், செவ்வாய். துவாக்குடி

இந்தப் பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பிள்ளைகள் "மேடம்" என்கிறார்கள். என் அறைக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது, போடுவதும் எடுப்பதும் நான்தான். பதினாறு வருஷம் மாதவனிடம் அடி வாங்கியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? (புருஷன் பெயரை இங்கே மட்டும்தான் எழுதுவேன்.)

ஆனாலும் நெஞ்சு படபடவென்றே இருக்கிறது. தண்ணீர் வேறு ருசி, மெஸ் காப்பி வேறு ருசி. ஸ்ரீரங்கத்து வீட்டில் அடி எப்போது விழும் என்று அவர் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். இங்கே என்ன வரும் என்று தெரியவில்லை. ஒன்றும் வரவும் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

12 ஜூன்

இன்றும் சோறு இறங்கவில்லை.

14 ஜூன், சனி

மெஸ் பார்த்துக்கொள்ளும் இளவேனிலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "புது இடம்லக்கா, போகப் போகச் சரியாயிடும். அந்த வீட்டுப் பக்கம் மட்டும் போயிடாதீங்க" என்றாள். சின்னப் பெண். என்னைவிடப் புத்தி இருக்கிறது.

15 ஜூன், ஞாயிறு. ஸ்ரீரங்கம்

போனேன். காப்பிப்பொடி வாங்க. ஏன், துவாக்குடியில் காப்பிப்பொடி கிடைக்காதா? இரண்டு பஸ் மாறி, காவிரிப் பாலம் தாண்டியதும் மூச்சு சீராக வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது.

எப்போதும் வாங்கும் கடை. வாசலில் மாதவன்.

"நீ வேற எங்க போவே, இங்கதான் வருவேன்னு தெரியும். போன ஞாயித்துக்கிழமையும் வந்து நின்னேன்" என்றார்.

மன்னிப்புக் கேட்கவில்லை. என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். யாரும் இழுக்கவில்லை. ஏன்டி நடந்தே? திரும்பி பஸ் ஏறியிருக்கலாம்ல? கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? — அந்தத் தெருவில் எந்த வாசலில் எந்த நாய் படுத்திருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும். அதற்காகவா?

20 ஜூன்

இனி வேலைக்கு வரவில்லை என்று விடுதிக்குப் போனில் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்த நாளிலிருந்து கை ஓங்கவில்லை. மல்லிகைப்பூ வாங்கி வருகிறார். இந்த மனிதர் எனக்குப் பழக்கமில்லை. படபடப்பு திரும்பவும் வந்துவிட்டது.

4 ஜூலை, வெள்ளி

சார்ஜரை எடுத்த இடத்தில் வைக்கவில்லை என்று மாலையில் அடித்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு தோசை வார்த்தேன். எனக்கும் பசித்தது.

இளவேனில் போன் செய்தாள். "எப்படிக்கா இருக்கீங்க?"

"இப்பத்தான் கொஞ்சம் நிம்மதியா இருக்கேன்" என்றேன்.

பொய் சொல்லவில்லை.